யோசனைக்கு உரியவர் யார்?

(நம் தமிழ்ச் சங்கத்தின் மாதக் கூட்டத்தில் ஆண்டு மலர்க் குழுவின் சார்பில் ஆற்றிய உரை)



மாதக் கூட்டத்தில் இலக்கியம் பேசுவது நம் சங்கத்தின் வழக்கம். சென்ற திங்கள் இம்மேடையில் சிலப்பதிகாரத்தின் வழக்குரை காதையைப் பற்றி அரியதோர் உரை கேட்டு மகிழ்ந்தோம். அங்கே வழக்கு ஒரு சிலம்பைப் பற்றியது. சிலம்பு யாருடையது என்னும் ஐயம் எழுந்தால் அதை உடைத்துப் பார்க்கலாம். உள்ளிருக்கும் பரல் உண்மையைச் சொல்லிவிடும். இன்று நாம் பேச எடுத்துக்கொண்ட பொருளும் உரிமை வழக்குத்தான். ஆனால் சிலம்பைப் பற்றியதன்று, யோசனையைப் பற்றியது. யோசனையை உடைத்துப் பார்க்க இயலாது. அதனுள்ளே மாணிக்கம் இருந்ததா முத்து இருந்ததா என்று தரையில் சிதறிக் காட்டவும் இயலாது.

இலக்கியம் கேட்க வந்த செவிகளுக்குக் காப்புரிமைச் சட்டம் சற்றுக் கசக்கவே செய்யும். ஆயினும் மலர்க் குழுவினராகிய நாங்கள் இப்பொருளைப் பேசக் கடமைப்பட்டிருக்கிறோம். நம் காலனி நண்பர் ஒருவருக்கு நாங்கள் பட்ட கடன் ஒன்று உண்டு. அதைப் பேச்சின் பிற்பகுதியில் வெளியிடுவோம். முதலில் நம் பிள்ளைகளின் ஆட்டத்திலிருந்து தொடங்குவோம்.

கோடை விடுமுறையில், நண்பகல் வேளையில், நம் காலனியின் மாடிப்படிகளில் ஏறி இறங்கினோர் அனைவரும் ஒரு காட்சியைக் கண்டிருப்பர். படி திரும்பும் இடத்தில் ஓர் அட்டை விரிந்து கிடக்கும். நான்கு பிள்ளைகள் அதைச் சுற்றி அமர்ந்திருப்பர். பகடை உருளும். ஒருவன் பம்பாயை வாங்குவான். ஒருத்தி கல்கத்தாவை வாங்குவாள். மூன்றாமவனுக்கு மதராஸ்மீது தீராத பற்று. சிறிது நேரத்தில் யாரேனும் ஒருவர் ஊர்களையெல்லாம் வளைத்து, வீடு கட்டி, வந்து நிற்போரிடமெல்லாம் வாடகை வாங்கி, மற்ற மூவரையும் ஓட்டாண்டிகளாக்கிவிடுவார். பிறகு அழுகை. அதன் பிறகு தாய்மார்களின் நீதிமன்றம்.

'டிரேடு' என்றும் 'பிசினஸ்' என்றும் நம் வீடுகளில் வழங்கும் இவ்வாட்டத்துக்கு மூலம் 'மோனோபலி' என்னும் அமெரிக்க ஆட்டம் என்பதைப் பலரும் அறிவர். மோனோபலி என்றால் ஏகபோகம். அதைப் புனைந்தவர் யார் என்று கேட்டால், சார்லஸ் டாரோ என்னும் பெயரைச் சொல்வோர் உண்டு. 1930களின் பொருளாதார மந்தத்தில் வேலையிழந்த இந்தப் பிலடெல்பியாக்காரர், வீட்டில் அமர்ந்து ஓர் ஆட்டத்தை வரைந்தார். அதை விற்றுப் பெருஞ்செல்வரானார் என்பது கதை. பல ஆண்டுகள் ஆட்டப் பெட்டிக்குள்ளேயே இக்கதையும் அச்சாகி வந்தது. கேட்பதற்கு இனிய கதைதான். ஆயின் உண்மையில் பாதிகூட அதில் இல்லை.

உண்மைக் கதை ஒரு பெண்மணியிடம் தொடங்குகிறது. அவர் பெயர் எலிசபெத் மேகி. 1866ஆம் ஆண்டில் இல்லினாய் மாநிலத்தில் பிறந்தவர். தந்தையார் செய்தித்தாள் நடத்தியவர். அடிமை முறையை எதிர்த்தவர். மகள் சுருக்கெழுத்துப் பயின்று, வாஷிங்டன் நகரில், உரியவரைச் சேராமல் தவறிப்போன கடிதங்கள் வந்து குவியும் அஞ்சல் அலுவலகத்தில் பணியாற்றினார். இவ்விடத்தில் நாம் சற்று நிற்கலாம். சுருக்கெழுத்தும் தட்டச்சும் கற்றுக்கொண்டு, ஒரு டிரங்குப் பெட்டியோடு ஹௌரா நிலையத்தில் வந்து இறங்கியவர்களின் மக்களும் பேரர்களும் இவ்வவையில் நிறைந்திருக்கிறோம். ஆகவே அந்த அம்மையார் நமக்கு முற்றிலும் அயலார் அல்லர். அவருடைய முதற் காப்புரிமையும் தட்டச்சுப் பொறியைப் பற்றியதே. தாள் உருளைகளுக்கிடையே எளிதாய்ச் செல்ல வழிசெய்யும் ஒரு கருவிக்காக 1893இல் அதைப் பெற்றார். நாள்தோறும் தாள் சிக்கிக்கொண்டு தொல்லைப்பட்டவர்க்கே அந்த யோசனை தோன்றும். எந்தப் பெரிய தொழிற்சாலையும் அவருக்குப் பின்னால் இல்லை; ஆய்வுக்கூடமும் இல்லை.

அக்காலத்தில் ஹென்றி ஜார்ஜ் என்னும் அறிஞரின் கொள்கை அமெரிக்காவில் பெரிதும் பேசப்பட்டது. நிலத்தை மனிதன் படைக்கவில்லை. ஆகவே வெறும் நிலத்தின் மதிப்பு உயர்வதால் வரும் ஊதியம் நிலக்கிழாருக்கு உரியதன்று, சமுதாயத்துக்கே உரியது. அதன்மீது மட்டும் ஒரே வரி விதித்து மற்ற வரிகளை நீக்கிவிடலாம் என்பது அக்கொள்கையின் சாரம். மேகி அம்மையார் இதில் ஆழ்ந்த பற்றுடையவர். கூட்டங்களில் பேசிப் பார்த்தார். பேச்சைக் கேட்டோர் தலையசைத்துவிட்டு வீட்டுக்குப் போனார்கள். (இது எல்லா ஊர்க் கூட்டங்களுக்கும் பொது.) கொள்கையைப் பேசுவதைவிட ஆடிக் காட்டினால் நெஞ்சில் பதியும் என்று அவருக்குத் தோன்றியது. 'நிலக்கிழார் ஆட்டம்' என்று ஒன்றை அமைத்தார். 1903ஆம் ஆண்டு மார்ச் 23ஆம் நாள் விண்ணப்பித்தார். 1904 சனவரி 5ஆம் நாள் 748626 என்னும் எண்ணுள்ள காப்புரிமை கிடைத்தது.

அந்தப் பலகையை நம் பிள்ளைகளிடம் காட்டினால் உடனே அடையாளம் கண்டுகொள்வர். சதுரப் பலகை, விளிம்பைச் சுற்றிக் கட்டங்கள், விலைக்கும் வாடகைக்கும் உரிய மனைகள், நான்கு இரயில் பாதைகள், ஒரு மூலையில் சிறை, ஒரு மூலையில் பூங்காவும் ஏழையர் விடுதியும். இன்று 'தொடக்கம்' என்று நாம் சொல்லும் மூலையில் அவர் 'பூமித்தாய்' என்று எழுதியிருந்தார். ஒரு சுற்று வந்து அவ்விடத்தைக் கடப்பவர்க்கு உழைப்பின் கூலியாக 100 டாலர். அதற்கு முன் இருந்த பலகை ஆட்டங்களில் பெரும்பாலானவை ஓரிடத்தில் தொடங்கி ஓரிடத்தில் முடிவன. சுற்றிச் சுற்றி வருவதும், வாங்கிய இடம் வாங்கியவர்க்கே உரித்தாகி, மற்றவர் அதில் கால் வைக்கும்போதெல்லாம் பணம் கொடுப்பதும் அவருடைய பலகையில் அமைந்த புதுமைகள்.

அதனினும் பெரிய புதுமை ஒன்று உண்டு. ஒரே பலகைக்கு இரு வகை விதிகளை அவர் வகுத்தார். ஒரு வகையில் ஒருவர் எல்லாவற்றையும் கைப்பற்றி மற்றவரை வீழ்த்தி வெல்வார். மற்றொரு வகையில் நிலத்தின் வாடகை பொதுப் பணமாகி எல்லாரும் பயன் பெறுவர். இரண்டையும் ஆடிப் பாருங்கள்; எது நல்லது என்பதைப் பிள்ளைகளே சொல்வார்கள் என்பது அவர் நம்பிக்கை. 1906இல் நியூயார்க்கில் நண்பர்கள் சேர்ந்து தொடங்கிய சிறு நிறுவனம் ஒன்று ஆட்டத்தை வெளியிட்டது. அதே ஆண்டில் அவர் செய்த மற்றொரு செயலையும் சொல்லாமல் விட மனம் வரவில்லை. வாரம் 10 டாலர் சம்பளத்தில் ஒரு பெண் வாழ முடியாது என்பதை நாட்டுக்கு உணர்த்த, 'இளம்பெண் அமெரிக்க அடிமை விற்பனைக்கு' என்று தம்மைத்தாமே செய்தித்தாளில் விளம்பரம் செய்தார்! நாடு முழுவதும் பரபரப்பு உண்டாயிற்று. அத்தகைய துணிவுடையவர்.

இனி நடந்ததுதான் நம் பொருளுக்கு இன்றியமையாதது. கடையில் விற்ற பெட்டிகளைவிட, மக்கள் தாமே துணியிலும் அட்டையிலும் வரைந்துகொண்ட பலகைகளே மிகுந்தன. கல்லூரி ஆசிரியர்கள் மாணவர்க்குக் கற்பித்தனர். மாணவர்கள் ஊருக்குக் கொண்டுபோனார்கள். போன ஊரின் தெருப் பெயர்களைக் கட்டங்களில் எழுதிக்கொண்டனர். அட்லாண்டிக் சிட்டி என்னும் கடற்கரை ஊரில் வாழ்ந்த குவேக்கர் சமயத்தார் தம் ஊர்த் தெருக்களை எழுதி, ஏலம் விடும் இரைச்சல் தமக்கு ஒவ்வாமையால் மனைகளுக்கு நிலையான விலையும் வைத்தனர். அம்மையாரின் காப்புரிமையோ 17 ஆண்டுக் காலம் முடிந்து 1921இல் காலாவதியாயிற்று. திருத்திய வடிவத்துக்கு 1924இல் மீண்டும் ஒரு காப்புரிமை பெற்றார். ஆனால் ஆட்டம் அதற்குள் நாட்டுப்பாடலைப் போல் ஆகிவிட்டது. பாடுவோர்க்குப் பாட்டு தெரியும். கட்டியவர் பெயர் தெரியாது.

இந்நிலையில் பிலடெல்பியாவில் ஒரு குடும்பத்தார் தம் நண்பரான டாரோவுக்கு இவ்வாட்டத்தைக் கற்பித்தனர். அவர் மிக விரும்பி, விதிகளை எழுதித் தருமாறு கேட்டுப் பெற்றுக்கொண்டார். பிறகு தம் கைத்திறனால் பலகையை அழகுபெறச் செய்து, தம் புனைவு என்று சொல்லி விற்கத் தொடங்கினார். 1935இல் பார்க்கர் சகோதரர் நிறுவனம் அதை விலைக்கு வாங்கியது. அவ்வாண்டின் கடைசி நாளில், டிசம்பர் 31இல், டாரோ பெயரில் 2026082 என்னும் காப்புரிமையும் வழங்கப்பட்டது.

தமிழர்க்கு மிகவும் பிடிக்கக்கூடிய ஒரு சான்று இங்கே இருக்கிறது. அட்லாண்டிக் சிட்டிக்கு அருகில் மார்கேட், வென்ட்னர் என்று இரண்டு ஊர்கள். இரண்டின் பெயர்களிலிருந்தும் முற்பகுதியை எடுத்துச் சேர்த்து 'மார்வென் கார்டன்ஸ்' என்று ஒரு குடியிருப்புக்குப் பெயரிட்டனர். டாரோவுக்கு ஆட்டம் கற்பித்த நண்பர் தம் பலகையில் அதைத் தவறாக 'மார்வின்' என்று எழுதியிருந்தார். டாரோவின் பலகையிலும் 'மார்வின்'! அச்சான பெட்டிகளிலும் 'மார்வின்'! ஏட்டுச் சுவடிகளை ஒப்புநோக்கும் நம் புலவர்கள் செய்வது இதுவே அன்றோ? இரண்டு சுவடிகளில் ஒரே இடத்தில் ஒரே பிழை இருந்தால், ஒன்றைப் பார்த்து மற்றொன்று எழுதப்பட்டது என்று முடிவு செய்வர். தாமே புனைந்தவர்க்குப் பிறருடைய எழுத்துப்பிழை எவ்வாறு வந்தது? பரல் சிதறியது இவ்விடத்தில்தான்.

நிறுவனத்தார் மேகி அம்மையாரை அறியாதவர் அல்லர். 1935 நவம்பரில், நிறுவனத்தைத் தோற்றுவித்த முதியவர் ஜார்ஜ் பார்க்கரே நேரில் சென்று, அவருடைய 1924ஆம் ஆண்டுக் காப்புரிமையை 500 டாலருக்கு வாங்கினார். விற்கும் ஒவ்வொரு பெட்டிக்கும் பங்கு என்னும் பேச்சு இல்லை. தம் கொள்கை இனி நாடெங்கும் பரவும் என்று எண்ணி அவர் மகிழ்ந்து கையெழுத்திட்டார். பரவியது ஆட்டம், கொள்கை அன்று. இரண்டு வகை விதிகளில் மற்றவரை வீழ்த்தும் வகை மட்டும் எஞ்சியது. எல்லாரும் பிழைக்கும் வகை வழியில் எங்கோ உதிர்ந்துபோயிற்று. டாரோவின் புகழ் ஏறிய பிறகு, 1936 சனவரியில், தம் பழைய பலகைகளை ஏந்தியபடி வாஷிங்டன் செய்தியாளர்களிடம் அம்மையார் குறை சொன்னார். நிறுவனம் அவருடைய வேறு ஆட்டங்களையும் வெளியிட்டது, அவை ஓடவில்லை. 1940ஆம் ஆண்டுக் குடிக்கணக்கில் தம் தொழில் ஆட்டங்கள் செய்வது என்றும், அதில் வருமானம் சுழி என்றும் பதிந்தார். 1948இல் காலமானார்.

பெட்டிக்குள் இருந்த கதை பொய் என்பது எவ்வாறு வெளிவந்தது? ரால்ப் ஆன்ஸ்பாக் என்னும் பொருளாதாரப் பேராசிரியர் 1973இல் 'ஏகபோக எதிர்ப்பு' என்னும் பொருள்படும் பெயரில் ஓர் ஆட்டம் வெளியிட்டார். பெயரைப் பற்றி வழக்கு எழுந்தது. தம்மைக் காத்துக்கொள்ளப் பழைய ஆவணங்களைத் தேடியவர் மேகியின் காப்புரிமையைக் கண்டெடுத்தார்; அட்லாண்டிக் சிட்டியில் ஆடிய முதியவர்களையும் தேடிப் பிடித்தார். ஏறத்தாழ 10 ஆண்டுகள் வழக்காடி, 1983இல்தான் அவ்வழக்கு அவர் பக்கம் முடிவுற்றது.

டாரோவைக் கள்வர் என்று ஒரே சொல்லில் தள்ளிவிட நாங்கள் விரும்பவில்லை. மரத்தடியில் கிடந்த பழத்தை எடுத்துத் துடைத்துத் தட்டில் அடுக்கிக் கடைக்குக் கொண்டுவந்தவர் அவர். அதுவும் ஓர் உழைப்பே. வேலையிழந்த வீட்டில் அடுப்பு எரிய வேண்டியிருந்தது என்பதையும் மறத்தல் ஆகாது. மரத்தையே நான் நட்டேன் என்று சொன்னதே குற்றம். மற்றொன்றும் நினைக்கத் தக்கது. மேகி அம்மையாரின் ஆட்டம் இவ்வளவு பரவியதே, ஒருவரையொருவர் கேளாமல் மக்கள் எடுத்து வரைந்துகொண்டதால்தான். பல்லாங்குழியைப் புனைந்தவர் யார்? தாயக்கட்டத்தை முதலில் வரைந்தவர் யார்? ஆடுபுலி ஆட்டம் எந்த ஊர்? எவருக்கும் உரிமைப்பணம் கொடாமல் கோயில் மண்டபக் கல்லிலே கீறி ஆடினார்கள். அவை அழியாமல் இருப்பதற்குக் காரணமும் அதுவே. ஆகவே காப்புரிமை என்பது எல்லாவற்றையும் பூட்டிவைக்கும் பெட்டியாதல் வேண்டும் என்று நாம் வாதிடவில்லை. செய்தவர் பெயரும், செய்தவர்க்கு ஒரு பிடி பயனும் தொலைந்துபோகக் கூடாது என்பதே நம் கவலை.

இவ்வவையில் சேலை உடுத்தி வீற்றிருக்கும் தாய்மார் பலரிடம் இந்நேரம் ஓர் ஊக்கு இருக்கும். நுனி குத்தாமல் உறைக்குள் அடங்கி, சுருளின் விசையால் நிற்கும் அந்த ஊக்குக்கு 1849 ஏப்ரல் 10ஆம் நாள் காப்புரிமை பெற்றவர் நியூயார்க்கின் வால்டர் ஹண்ட். 15 டாலர் கடனைத் தீர்க்க வழி தேடியவர், கம்பித் துண்டு ஒன்றை வளைத்துக்கொண்டிருந்து இதைக் கண்டார் என்பர். உரிமையை 400 டாலருக்கு விற்றுவிட்டார். மேகிக்கு 500, ஹண்டுக்கு 400! தனியாளாய் நின்று புனைவோர்க்குக் காகிதத்தில் உரிமை இருந்தும், கையில் காத்திருக்கும் வலிமை இருப்பதில்லை. அன்றைய கடன் நாளைய செல்வத்தை விழுங்கிவிடுகிறது.

இவையெல்லாம் அமெரிக்கக் கதைகள் என்று சிலர் எண்ணலாம். காப்புரிமை நம் ஊருக்குப் புதிதன்று. இன்று கொல்கத்தா எனப்படும் இந்நகரில்தான் இந்தியாவின் முதல் விண்ணப்பமே எழுந்தது. 1856ஆம் ஆண்டின் ஆறாம் சட்டம் புதுமை புனைவோர்க்குத் தனியுரிமை வழங்க வகை செய்தது. அவ்வாண்டு மார்ச் 3ஆம் நாள், கிராண்ட்ஸ் லேன் 7ஆம் எண் வீட்டில் வாழ்ந்த ஜார்ஜ் ஆல்பிரட் டி பென்னிங் என்னும் பொறியாளர் விண்ணப்பித்தார். எதற்கு என்று நினைக்கிறீர்கள்? பங்கா இழுக்கும் இயந்திரத்துக்கு! வைகாசி மாதத்தில் இந்நகரில் ஒரு நாள் மின்தடையை அனுபவித்தவர்கள் அப்பொறியாளரை வாழ்த்தாமல் இருக்க மாட்டார்கள். வாயிற்புறத்தில் அமர்ந்து இரவெல்லாம் கயிறு இழுத்தவன் அந்த இயந்திரத்தைப் பற்றி என்ன நினைத்தான் என்பதை மட்டும் எந்தப் பதிவேடும் சொல்லவில்லை. பிரிட்டிஷ் முடியின் இசைவு பெறாமல் இயற்றியது என்னும் காரணத்தால் அச்சட்டம் மறு ஆண்டே நீக்கப்பட்டு, 1859இல் புதிய சட்டம் வந்தது என்பது வேறு செய்தி.

இப்போது நடப்பில் இருப்பது 1970ஆம் ஆண்டுச் சட்டம். 1972இல் நடைமுறைக்கு வந்து, பின் பலமுறை திருத்தம் பெற்றது. விண்ணப்பித்த நாளிலிருந்து 20 ஆண்டுகள் உரிமை. மேகி அம்மையார் இன்று நம் சால்ட் லேக்கின் ஐந்தாம் செக்டரில் உள்ள காப்புரிமை அலுவலகத்தின் படியேறினால், அவர் ஆட்ட விதிகளோடு திரும்பிப் போக வேண்டியதுதான். ஆட்டம் ஆடும் முறை நம் சட்டத்தில் புனைவு ஆகாது. பலகையின் ஓவியத்துக்கும் விதிகளை எழுதிய எழுத்துக்கும் பதிப்புரிமை உண்டு; காய்களின் புதிய உருவத்துக்கு வடிவமைப்புப் பதிவு பெறலாம்; ஆடும் கருவியில் புதிய பொறியமைப்பு இருந்தால் அதற்குக் காப்புரிமை கேட்கலாம். ஆனால் 'இப்படி ஆடுக' என்னும் விதி எல்லாருக்கும் பொது. பல்லாங்குழி ஆடிய நாட்டுக்கு இது பொருந்திய சட்டமே என்று எங்களுக்குத் தோன்றுகிறது.

இனி எங்கள் கடனுக்கு வருவோம்.

நம் காலனியில் ஒரு நண்பர் இருக்கிறார். தொழிற்சாலையில் பிட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். பெயர் சொன்னால் வருந்துவார். சொல்லாமலே அனைவரும் அறிவீர்கள். நம் வீடுகளில் இரண்டே அறை. நவராத்திரி வந்தால் டிரங்குப் பெட்டிகளையும் பிஸ்கட் டின்களையும் அடுக்கி, மேலே பலகையிட்டு, வேட்டி விரித்துக் கொலுப்படி கட்டுவோம். ஒரு டின் நழுவினால் தசாவதாரத்தில் இரண்டு அவதாரங்கள் குறையும். இந்நண்பர் சில ஆண்டுகளுக்கு முன் ஐந்து படிகளைக் கீல்களால் இணைத்து ஓர் அமைப்புச் செய்தார். மடக்கினால் ஆறு அங்குலக் கனத்தில் சுவரோடு ஒட்டி நிற்கும். பாதி மடக்கினால் பிள்ளைகள் படிக்கும் மேசையாகும். மடக்குப் படி உலகில் பல உண்டு. அதில் புதுமை இல்லை. புதுமை இருந்தது ஒவ்வொரு படியின் அடியிலும் அவர் வைத்த கொக்கியில். பொம்மைகளின் பாரம் ஏற ஏற அது இறுகும். பாரத்தை எடுத்தால் ஒரு விரலால் தட்டித் திறக்கலாம். இரண்டு கோடைகள் அந்தக் கொக்கிக்காக உழைத்தார்.

அந்த நவராத்திரியில் காலனியே சென்று பார்த்தது. சுண்டலை உண்டவர்கள் பொம்மைகளைப் பாராமல் படியின் அடியில் குனிந்து பார்த்தார்கள். மலர்க் குழுவினராகிய நாங்களும் பார்த்தோம், பெருமிதம் கொண்டோம். அவரிடம் வரைபடம் கேட்டோம். அவர் அளவுகளோடு, கொக்கியைத் தனியே பெரிதாக்கி, அழகாக வரைந்து கொடுத்தார். அவ்வாண்டு மலரில் ஒரு முழுப் பக்கத்தில் வெளியிட்டோம். அதன் கீழே, அவர் சொல்லாத ஒரு வரியை நாங்களே எழுதிச் சேர்த்தோம்: அன்பர்கள் யாவரும் இதைப் பார்த்துச் செய்துகொள்ளலாம் என்று.

மறு ஆண்டு, நகரின் கடை ஒன்றில் அதே படிகள், அதே கொக்கியோடு, விலைச்சீட்டுத் தொங்க நின்றன. நண்பரின் துணைவியார்தாம் முதலில் கண்டு வந்து சொன்னார். நண்பர் அப்போதும், "போகட்டும் தம்பி, கொலு வைக்கத்தானே வாங்குகிறார்கள்" என்றே சொன்னார். ஆனால் மகளின் திருமணச் செலவு நெருங்கிய வேளை அது. உறவினர் வற்புறுத்தலால் காப்புரிமை முகவர் ஒருவரிடம் சென்றார். முகவர் கொக்கியைப் பார்த்து வியந்தார். இது தேறும் என்றார். பிறகு ஒரு கேள்வி கேட்டார்: "இதை வெளியே யாருக்கேனும் காட்டியதுண்டா? எங்கேனும் அச்சானதுண்டா?" நண்பர் முகம் மலர்ந்து, பையிலிருந்து நம் ஆண்டு மலரை எடுத்துக் கொடுத்தாராம்.

முகவர் முதற் பக்கத்தைப் புரட்டி ஆண்டைப் பார்த்தார், படத்தைப் பார்த்தார், நாங்கள் சேர்த்த வரியை மொழிபெயர்த்துச் சொல்லச் சொல்லிக் கேட்டார். மலரை மூடிக் கொடுத்துவிட்டார்.

விண்ணப்பிக்கும் நாளுக்கு முன் அச்சில் வெளிவந்த பொருள் புதியது ஆகாது என்பது சட்டம். முந்நூறு படிகள்தாமே அச்சிட்டோம், அதுவும் தமிழில்தானே என்று நாங்கள் கேட்டோம். எத்தனை படிகள், எந்த மொழி என்பது கணக்கில்லையாம். அரசிதழில் அறிவித்த தொழிற் பொருட்காட்சியில் வைத்திருந்தால் 12 மாத காலம் சட்டம் பொறுக்கும். கொலுவுக்கு அந்தப் பொறுமை இல்லை. அவருடைய இசைவின்றி நாங்கள் அச்சிட்டிருந்தால் சட்டம் அவர் பக்கம் நின்றிருக்கக் கூடும். அவரோ எங்களை நம்பி மகிழ்ந்து கொடுத்தார்! பகைவர் செய்திருந்தால் அவருக்கு வழி இருந்திருக்கும்; அன்பர் செய்ததால் வழி அடைபட்டது. இதை நினைக்குந்தோறும் எங்கள் உள்ளம் நோகிறது. செயற்குழுவின் முன்னிலையில் அவரிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டோம். இன்று உங்கள் அனைவர் முன்னிலையிலும் கேட்டுக்கொள்ளுகிறோம்.

காலனியில் கைத்திறன் உடையோர் இன்னும் பலர் உள்ளனர். சமையலறையில் ஏதேனும் ஒன்றை மாற்றியமைத்து வேலையை எளிதாக்கிய தாய்மார்களும் உள்ளனர். அவர்களுக்காக நடைமுறையில் இரண்டொன்று சொல்லுகிறோம். முழு விவரமும் ஆயத்தமாகும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. யோசனையின் சாரத்தை எழுதித் தற்காலிக விவரணமாக முதலில் தாக்கல் செய்யலாம். அந்நாள் முதல் முன்னுரிமை உமக்கு. அடுத்த 12 மாதங்களுக்குள் முழு விவரணம் கொடுத்தால் போதும். தனியாளாக இணையவழி விண்ணப்பிப்போர்க்கு இப்போதைய தாக்கல் கட்டணம் 1,600 ரூபாய். ஆய்வுக்கும், பின்னர் உரிமையை ஆண்டுதோறும் புதுப்பிப்பதற்கும் தனியே செலவு உண்டு. அதை மறைத்துச் சொல்ல மாட்டோம். கோயமுத்தூர் ஜி. டி. நாயுடு அவர்களைப் போல மின்சாரச் சவரக் கருவி முதல் எத்தனையோ பொருள்களைத் தாமே செய்துகாட்டும் வசதி எல்லார்க்கும் வாய்ப்பதில்லை. ஆனால் தாக்கல் செய்வதற்கு முன் படத்தை எவரிடமும் கொடாதிருக்கும் வசதி எல்லார்க்கும் உண்டு. அந்த 'எவரிடமும்' என்பதில் மலர்க் குழுவும் அடங்கும்.

நம் நண்பர் இப்போது வேறொன்று செய்திருக்கிறார். அது என்ன என்று எங்களுக்கும் தெரியாது. விளையாட்டுப் பொருள் என்றும், வெறும் ஆட்ட விதி அன்று, கையால் தொட்டுச் செய்த பொருளே என்றும் மட்டும் சொன்னார். அவருடைய பேத்தி ஒருத்திதான் பார்த்திருக்கிறாளாம். அவளும் வாய் திறப்பதில்லை. சென்ற வாரம் ஆண்டு மலருக்காக அவர் வீட்டுக்குச் சென்று, இம்முறையும் ஒரு முழுப் பக்கம் அவருக்கென ஒதுக்கியிருப்பதைத் தெரிவித்தோம். காப்பி கொடுத்தார், நலம் விசாரித்தார், பிறகு, "தம்பி, நம்பர் வரட்டும். அப்புறம் படம்" என்றார். மலர் இன்னும் பத்து நாளில் அச்சுக்குப் போகிறது. அந்தப் பக்கத்துக்கு வேறு கட்டுரை தரலாமா என்று அச்சகத்தார் கேட்டனர். வேண்டா என்று சொல்லிவிட்டோம். மலர் உங்கள் கைக்கு வரும்போது நடுவில் ஒரு பக்கம் வெறுமையாக இருந்தால், அச்சுப்பிழை என்று கருதி எங்களுக்குக் கடிதம் எழுத வேண்டா.